12 கிலோமீட்டர் சேறு, 360 கிலோமீட்டர் தார்



போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பிரசாதம் கொடுத்துக்கிட்டு இருக்கும்போது நாலு பேராவது கேட்டுட்டாங்க. "என்னண்ணே, ஸ்கிராம்பளர் எடுக்கப் போறேன்னு ஆறு மாசமா சொல்லிக்கிட்டு இருந்தீங்க. இப்ப ஸ்கூட்டர்ல வர்றீங்க? பழைய ஈஎக்ஸ்5 வேற கோயில் பக்கத்துல நிக்குது?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி முடியல. அதனால இங்கேயே எழுதிடுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க. இரண்டாவது மோட்டார் வாங்கலாமான்னு யோசிக்கிற தம்பிகள் நம்ம குழுவுல நிறைய பேர் இருக்கீங்க. உங்களுக்கும் உதவும்.

நம்ம கோயிலுக்கு வர்ற பாதையை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆனா வெளியூர்ல இருக்கிற பிள்ளைகளும் இதைப் படிக்கிறாங்க. ஜெராம் மெயின் ரோட்டுல இருந்து திரும்பினா கொஞ்ச தூரம் தார், அப்புறம் இரண்டு கிலோமீட்டர் செம்பனைக்குள்ள மண் பாதை. லயத்துல ஜனங்க இருந்த காலத்துல இந்தப் பாதையில சைக்கிள் போகும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கும். இப்ப லயம் இல்லை. கோயில் இருக்கு, பூசாரி ஐயா இருக்கார், அவரோட சின்ன வீடு இருக்கு. மத்தபடி பழ லாரி மட்டும்தான்.

செம்பனை நம்ம மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. 1917-ல ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்துலதான், தென்னமாரம் தோட்டத்துல, மலாயாவிலேயே முதல் முறையா வணிகத்துக்காகச் செம்பனை நட்டார். அந்தத் தோட்டத்துப் பெயரைக் கேட்டாலே நம்ம காதுல தென்னைமரம்னுதான் விழும். ஆனாலும் எங்க தாத்தா காலத்துல இந்தப் பக்கம் பால்மரம்தான். பால்மரம் சீவுறவங்க வாளியோட நடந்தாங்க, மிஞ்சிப் போனா சைக்கிள். செம்பனைக்கு அது சரிப்படாது. குலையை வெட்டினா கூடிய சீக்கிரம், முடிஞ்சா ஒரு நாளுக்குள்ள, ஆலைக்குப் போகணும். இல்லேன்னா எண்ணெய் கெட்டுப் போகும். அதனால மழையானாலும் வெயிலானாலும் லாரி ஓடும். கடலோரக் களிமண் பூமி. மேல கொட்டின செம்மண் சரளையை லாரிச் சக்கரம் உள்ளே அமுக்கிடும். இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குத் தடம், நடுவுல புல்லு மேடு. மழை பெய்ஞ்சா அந்தத் தடம் இரண்டும் வாய்க்கால்.

இந்தப் பாதையிலதான் என்னோட ஸ்கிராம்பளர் ஆசை பிறந்தது. அது எப்படின்னு சொல்றேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நல்ல மழை. பூஜைக்கு நாங்க ஆறேழு பேர்தான். தீபாராதனை முடிஞ்சதும் பூசாரி ஐயா அப்படியே தூணைப் பிடிச்சு உட்கார்ந்துட்டார். வேர்த்துக் கொட்டுது, பேச்சு குழறுது. சர்க்கரைக்காரர். காலையில மாத்திரையைப் போட்டுட்டு விரதம்னு ஒன்றும் சாப்பிடாம இருந்திருக்கார். உடனே சீனியைக் கரைச்சுக் கொடுத்தோம், கொஞ்சம் கண்ணைத் திறந்தார். ஆனா வயசு எழுபதைத் தாண்டியவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாம விட முடியாது. கார் உள்ளே வர வழியில்லை. வந்த ஒரு காரும் பாதி வழியில சேத்துல உட்கார்ந்துடுச்சு.

என் ஈஎக்ஸ்5 மட்டும்தான் நின்னுச்சு. நான் ஓட்ட, ஐயா நடுவுல, பின்னால ஒரு தம்பி அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தான். மூணு பேர் ஏறினது சட்டப்படி தப்புதான், தெரியும். அந்த இரண்டு கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் ஆச்சு. இரண்டு தடவை சறுக்கிச் சாய்ஞ்சோம். மெதுவாப் போனதால அடி ஒன்றும் இல்லை. மட்காட்டுக்குள்ள களிமண் அடைச்சு முன்சக்கரம் சுத்தவே மாட்டேன்னுடுச்சு. குச்சியை ஒடிச்சு நோண்டி எடுத்துட்டுப் போனோம். மெயின் ரோட்டுல கார் காத்திருந்தது. ஐயா பிழைச்சார். அம்மன் புண்ணியம்.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து சேத்தைக் கழுவும்போதே மனசுல விழுந்துடுச்சு. ஒரு ஸ்கிராம்பளர் இருந்திருந்தா பத்து நிமிஷத்துல போயிருக்கலாமே! அடுத்த ஆறு மாசம் நான் பார்த்ததெல்லாம் அதுதான். முன்சக்கரம் 21 அங்குலம், பள்ளத்துல ஏறி இறங்கும். மட்காட் உயரத்துல இருக்கும், களிமண் அடைக்காது. கட்டைப் பல் டயர். என்கிட்ட பி2 லைசென்ஸ் இருக்கு, 250 சிசி வரைக்கும் ஓட்டலாம். மூணு வருஷமா ஓவர்டைம் பார்த்து ஒன்பதாயிரம் வெள்ளி சேர்த்து வெச்சிருந்தேன். எல்லார்கிட்டயும் சொன்ன காரணம் ஒன்னே ஒன்னு: "கோயிலுக்காக."

காப்பார் பக்கம் ஒருத்தர் பழைய கவாசாகி கேஎல்எக்ஸ் 150 விற்கிறதா கேள்விப்பட்டுப் போனேன். நல்ல வண்டி, நல்லா வெச்சிருந்தார். நண்பர் மூலமாப் போனதால ஒரு நாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். நேரா நம்ம பாதைக்குக் கொண்டு வந்தேன். சொல்லணும்னா அப்படி ஒரு சுகம்! பள்ளம் மேடு எதுவும் தெரியல. நாப்பது வயசுல பதினெட்டு வயசுப் பையன் மாதிரி சிரிச்சுக்கிட்டே கோயில் வாசல்ல வந்து நிறுத்தினேன்.

பூசாரி ஐயா வெளியே வந்து சுத்திப் பார்த்தார். "ஏறுங்கய்யா, ஒரு ரவுண்டு போகலாம்"னேன். அந்த வண்டியோட சீட் உயரம் சுமார் 870 மில்லிமீட்டர். எனக்கே கால் விரல்தான் தரையில படுது. ஐயா வேட்டியை மடிச்சுக் கட்டி ஒரு காலைத் தூக்கினார், முட்டி ஒத்துக்கல. என் தோளைப் பிடிச்சுத் தூக்கினார், முடியல. கடைசியில சிரிச்சுட்டு, "தம்பி, தேருக்குப் படி வெச்சு ஏறுற மாதிரி இதுக்கும் ஒரு படி செஞ்சு கொண்டு வா, ஏறுறேன்"னார். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஆனா சுருக்குன்னுச்சு. யாருக்காக இந்த வண்டியை வாங்கணும்னு ஆறு மாசமா சொல்லிக்கிட்டு இருந்தேனோ, அவரால இதுல ஏறவே முடியாது. அந்த ராத்திரி மாதிரி அரை மயக்கத்துல இருந்தா கேட்கவே வேண்டாம்.

அப்புறம்தான் மத்ததும் கண்ணுல பட்டது. அன்னதானத்துக்கு 14 கிலோ கேஸ் தோங் கொண்டு வரணும், அரிசி மூட்டை கொண்டு வரணும். கப்சாயில சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல இறக்கி வெச்சுட்டு வந்துடலாம். ஸ்கிராம்பளர்ல அந்த இடத்துல பெட்ரோல் டேங்க் இருக்கு. முன்னால பக்குள் மாட்ட முடியாது. பூ, பால், தேங்காய் எல்லாம் முதுகுப் பையிலதான். சேத்துல ஸ்கிராம்பளர் ராஜா, மறுக்கவே இல்லை. ஆனா அது ஒருத்தனைச் சுமக்கிற ராஜா.

கப்சாய் கதை வேற. 1958-ல ஹோண்டா சூப்பர் கப் வந்தப்போ, சாப்பாடு கொண்டு போற பையன் ஒரு கையில தட்டைப் பிடிச்சுக்கிட்டு மறு கையால ஓட்டணும்னுதான் கிளட்ச் பிடி இல்லாம செஞ்சாங்கன்னு சொல்வாங்க. அந்த 'கப்'தான் இங்கே சீனர் வாயில 'கப்சாய்' ஆச்சுன்னும் ஒரு பேச்சு உண்டு. 2017-ல அந்தக் குடும்பத்து வண்டி மட்டும் பத்து கோடியைத் தொட்டுடுச்சு. பிறந்ததே சுமை தூக்கத்தான். நம்ம தோட்டத்து ஆளுங்க அரிவாள் கட்டின கம்பையும் சோத்துத் தூக்கையும் வெச்சுக்கிட்டு இதே பாதையில காலமெல்லாம் ஓட்டினதும் இதைத்தான்.

சரி, ஸ்கிராம்பளர் வேண்டாம்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்னு நினைக்காதீங்க. ஆசை அவ்வளவு சீக்கிரம் விடாது. வீட்டுல போய், "ஐயாவை ஏத்த ஈஎக்ஸ்5 இருக்கட்டும், அவசரத்துக்கு ஸ்கிராம்பளர் இருக்கட்டும், இரண்டும் வெச்சுக்கலாம்"னு வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். அவ ஒன்னும் சண்டை போடல. பால்குடம் ரசீதுப் புத்தகத்துல மிஞ்சின ஒரு தாளை எடுத்தா.

"என்னங்க, வாரத்துக்கு எத்தனை தடவை கோயிலுக்குப் போறீங்க?"

"மூணு தடவை."

"உள்ளே மண் பாதை எவ்வளவு?"

"போக இரண்டு, வர இரண்டு."

"அப்ப வாரத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் சேறு. வேலைக்கு?"

கிள்ளான் போக வர ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர். ஆறு நாள் வேலை. அவளே பெருக்கி எழுதினா: 360.

தாளை என் பக்கம் திருப்பி வெச்சா. "பன்னிரண்டுக்கு ஒன்பதாயிரம் வெள்ளி வண்டி. முந்நூத்து அறுபதுக்கு அந்தப் பழைய டிரம் பிரேக்கா? சேத்துல விழுந்தா எழுந்து கழுவிக்கலாம். அஞ்சாம் நம்பர் ரோட்டுல விழுந்தா?"

அதுக்கு மேல அவ பேசல, நானும் பேசல. இரண்டு பேருக்கும் ஒரே முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. நம்ம உறுமி மேளத் தம்பி. பெயரைச் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும். இருபத்திரண்டு வயசு. தீமிதிக்கு முதல் நாள் ராத்திரி வரைக்கும் இந்தச் சேத்துல விழுந்து எழுந்து, சிரிச்சுக்கிட்டே மேளத்தைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு வந்தவன். அவன் போனது இந்தப் பாதையில இல்லை. விடியற்காலை ஆறு மணிக்கு, வேலைக்குப் போற வழியில, நல்ல தார் ரோட்டுல. அவன் அம்மா இன்னும் வெள்ளிக்கிழமை வந்து அதே தூண்கிட்ட உட்கார்றாங்க.

நம்ம நாட்டுல வருஷா வருஷம் சாலையில சாகிறவங்க பத்துப் பேர்னா, அதுல ஆறு பேருக்கு மேல மோட்டார் ஓட்டினவங்க, இல்லேன்னா பின்னால உட்கார்ந்தவங்க. 1973-ல தலைக்கவசம் கட்டாயம் ஆக்கினாங்க. 1992-ல பகல்லயும் விளக்கு எரியணும்னாங்க. கூட்டரசு நெடுஞ்சாலையில 1970-கள்லயே மோட்டாருக்குத் தனிப்பாதை போட்டாங்க. ஆனா ஜெராம்ல இருந்து காப்பார் வழியா கிள்ளான் போற நம்ம ரோட்டுல லாரியும் கன்டெய்னரும் நம்மளும் ஒன்னாத்தான் போறோம். மழையில முன்னால போற லாரி திடீர்னு பிரேக் பிடிச்சா, என் வண்டி நிக்குமா நிக்காதான்னு எனக்கே தெரியாம எத்தனையோ காலை போயிருக்கேன். அதை ஒரு பிரச்சினையாவே நான் நினைச்சதில்லை. பழகிப் போச்சு. அரை மணி நேரம் சேத்துல கஷ்டப்பட்ட ஒரு ராத்திரி மட்டும் பெரிசாத் தெரிஞ்சது.

இங்கே ஒரு உண்மையை ஒத்துக்கணும். அம்மன் சந்நிதியில வெச்சுச் சொல்ற மாதிரியே சொல்றேன். "கோயிலுக்காக"ன்னு நான் சொன்னதுல பாதி பொய். எனக்கு அந்த வண்டி பிடிச்சிருந்தது, அவ்வளவுதான். பிடிச்சதை வாங்கறது தப்பில்லை. ஓய்வு நாள்ல தோட்டத்துக்குள்ள ஓட்டணும்னு ஆசை இருந்து கையில காசும் இருந்தா தாராளமா வாங்கலாம். ஆனா என் ஆசைக்கு அம்மன் பெயரை ரசீதுல எழுதினேன் பாருங்க, அது தப்பு.

அதனால கேள்வியைத் திருப்பிப் போட்டேன். இரண்டாவது மோட்டார் வேணுமா? வேணும். ஒரே வண்டியைச் சேத்துக்கும் தாருக்கும் வெச்சா இரண்டுக்கும் கெடுதல்தான். சேத்துக்குக் கட்டைப் பல் டயர் போட்டா ஈரத் தாருல பிடிப்பு குறையும். செயின், பிரேக், பேரிங் எல்லாம் மண்ணு தின்னும், அதோடவே மறுநாள் காலையில லாரிக்கு நடுவுல போகணும். ஆனா சேத்துக்கான வண்டி என்கிட்ட ஏற்கெனவே இருக்கு. இல்லாதது ரோட்டுக்கான வண்டி.

சேர்த்த காசை முன்பணமாக் கட்டி, மீதியை மாசத் தவணைக்குப் போட்டு, 160 சிசி ஸ்கூட்டர் ஒன்று எடுத்தேன். முன்னால டிஸ்க் பிரேக், ஏபிஎஸ். கம்பெனி பெயர் வேண்டாம், விளம்பரம் மாதிரி ஆயிடும். வாங்கப் போற தம்பிகளுக்கு இரண்டு கணக்கு. சாலை வரி 150 சிசி வரைக்கும் இரண்டே வெள்ளியா இருந்தது, 2022-ல இருந்து தனியாள் வண்டிக்கு அதுவும் இல்லை. என் 160 சிசி வண்டிக்கு வருஷத்துக்கு 30 வெள்ளி. இன்சூரன்ஸ்தான் கவனிக்கணும். பழைய வண்டிக்கு நீங்க சேர்த்து வெச்ச கழிவு, மோட்டாருக்கு அதிகபட்சம் 25 விழுக்காடு, இரண்டாவது வண்டிக்கு வராது. அது பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். இரண்டு வண்டின்னா இரண்டு இன்சூரன்ஸ், இரண்டு பேட்டரி, இரண்டு செட் டயர். வாங்குற விலையை மட்டும் பார்த்துட்டு இறங்காதீங்க.

ஈஎக்ஸ்5-க்கு வருவோம். ஜெராம் பட்டறை அங்கிள் பார்த்துக்கொடுத்தார். பின்னால கட்டைப் பல் டயர். முன் பல்சக்கரத்துல ஒரு பல் குறைச்சார், வேகம் குறையும், இழுவை கூடும். இரண்டு பிரேக் கட்டையும் புதுசு. செயினை மூடியிருக்கிற கவர் உடைஞ்சிருந்தது, அதை மாத்தினார். மண்ணுக்கு அது ரொம்ப முக்கியம். "டயர்ல காத்தை ரொம்பக் குறைக்காதே, டியூப் கடிபடும்"னு எச்சரிச்சும் அனுப்பினார். எல்லாம் சேர்த்து முந்நூறு வெள்ளிக்குள்ளதான். ஒரு குச்சியும் வண்டியிலேயே கட்டி வெச்சிருக்கேன், மட்காட் நோண்ட.

எல்லாம் சுபம்னு சொல்ல மாட்டேன். போன மாசம் பெரிய மழையில அந்த வளைவுகிட்ட மறுபடியும் மாட்டினேன். இறங்கித் தள்ளித்தான் போனேன். ஸ்கிராம்பளரா இருந்தா நிச்சயம் போயிருக்கும். அந்த இருநூறு மீட்டருக்குத்தான் வைத்தியம் பார்க்கணும், வண்டிக்கு இல்லை. தோட்ட நிர்வாகத்துகிட்ட அனுமதி கேட்டு அங்கே சரளை கொட்டலாமான்னு நம்ம ஆலய நிர்வாகக் கூட்டத்துல பேசியிருக்கோம். அது நடந்தா என் ஒருத்தனுக்கு மட்டும் இல்லை, அந்த அம்மா வர்ற காருக்கும் வழி.

ஈஎக்ஸ்5 சாவி இப்ப பூசாரி ஐயா வீட்டு ஆணியில தொங்குது. யார் எடுத்தாலும் மூணு விதி. லைசென்ஸ் இருக்கணும், தலைக்கவசம் போட்டு வாரைப் பூட்டணும், மெயின் ரோட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. அது இனிமே கோயில் பாதைக்கு மட்டும். போன செவ்வாய்க்கிழமை ஐயாவை கிளினிக் சோதனைக்கு அதுலதான் மெயின் ரோடு வரைக்கும் கூட்டிட்டுப் போனேன். ஏறி உட்கார்ந்ததும் முதுகுல தட்டி, "படி இல்லாமலே ஏறிட்டேன் பாத்தியா"ன்னார். இப்ப விரத நாள்லயும் மாத்திரைக்கு முன்னால இரண்டு இட்லி சாப்பிடுறார். அவர் வீட்டம்மா கண்காணிப்பு.

இன்னொன்னு. இன்னைக்கு ராத்திரி உங்க வண்டியை ஒரு தடவை பாருங்க. முன் பிரேக் பிடிக்குதா, பின் விளக்கு எரியுதா, டயர்ல பூ இருக்கா. ஐஞ்சு நிமிஷ வேலை. காலையில அஞ்சாம் நம்பர் ரோட்டுல போற நம்ம பிள்ளைகள் எத்தனை பேர்னு எனக்குத் தெரியும்.

வர்ற வெள்ளிக்கிழமை பூஜை வழக்கம்போல இரவு 7.30-க்கு. மழையா இருந்தா காரை உள்ளே கொண்டு வராதீங்க. தார் முடியிற இடத்துல நிறுத்திட்டு குழுவுல ஒரு செய்தி போடுங்க. வயசானவங்களை ஈஎக்ஸ்5-ல ஒவ்வொருத்தரா நான் கூட்டிட்டு வர்றேன். கூடுதல் தலைக்கவசம் ஒன்று வாங்கி வெச்சிருக்கேன்.